கழுத்தில் மாலை உள்ளவரை

கார்த்திகை 1, திங்கள்

இன்று விடியற்காலை மாலை போட்டாயிற்று. குருசாமி இந்த வருஷம் புதிதாக ஒரு சட்டம் கொண்டுவந்திருக்கிறார். ஒவ்வொரு சாமியும் தினமும் ஒரு நோட்டில் நூற்றெட்டு முறை சரணம் எழுத வேண்டுமாம். ஃபிளெக்ஸ் கடைக்காரனிடம் போய் எழுது என்கிறார்! என் எழுத்தையெல்லாம் மிஷின் அல்லவா எழுதுகிறது? பத்து வரி தாண்டுவதற்குள் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. பச்சைத் தண்ணீர்க் குளியல், தென்காசி மழைக்காற்று வேறு. நடுங்காமல் என்ன செய்யும்? அதனால் சரணத்துக்குப் பதில் நடந்ததை எழுதிவைக்கப் போகிறேன். ஐயப்பன் படித்துக்கொள்ளட்டும். ஒரே வரியைப் படித்துப் படித்து அவருக்கும் அலுத்திருக்கும்.

மாலை ஏறிய நிமிஷத்திலிருந்து வடிவு என்னைச் சாமி என்கிறாள். 'வாங்க சாமி', 'தண்ணி வச்சிருக்கு சாமி'. பத்தாவது படிக்கிற மகள் சுதாவும் அப்படியே. மற்ற நாட்களில் இந்த வீட்டில் என்னை யாரும் கூப்பிடுவதே இல்லை. நான் படி ஏறினால் சுதா வந்து கதவைத் திறப்பாள், ஒரு நொடி மூச்சை உள்ளே இழுப்பாள், பிறகு ஒரு வார்த்தை பேசாமல் அறைக்குள் போய்விடுவாள். நானும் கவனிக்காதவன் மாதிரி உள்ளே போவேன். இன்று அந்த மூச்சு இல்லை. சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தாள்.

வடிவு மட்டும் சாயந்திரம் பூஜை முடிந்ததும் ஒன்று சொன்னாள்.

"சாமி, மலைக்குப் போயிட்டு வந்து மாலை கழட்டுவீங்கல்லா, அதுக்கப்புறம் ஒருநாள் வாடை வந்தாலும் நானும் சுதாவும் எங்க அண்ணன் வீட்டுக்குத் தூத்துக்குடி போயிருவோம். பள்ளிக்கூடத்துக்குக்கூட அங்க பேசி வச்சாச்சு."

"மாலை போட்ட அன்னைக்கே மிரட்டுதியா?"

"மிரட்டல் இல்ல சாமி. தகவல்."

தகவலாம்.

கார்த்திகை 2, செவ்வாய்

நடுக்கம் நிற்கவில்லை. வியர்வை வேறு. தூக்கமே இல்லை. தரையில் படுப்பதால் இருக்கும்.

கார்த்திகை 4, வியாழன்

இன்று கடைக்கு ஒரு விசித்திரப் பிறவி வந்தது. என் வயசுதான் இருக்கும். பெயர் ஞானதுரை, மினிபஸ் ஓட்டுகிறாராம். ஆறடிக்கு நாலடியில் ஒரு பேனர் வேண்டும் என்றார்.

"யார் படம் போடணும்?"

"யார் படமும் வேண்டாம் சாமி."

"தலைவர் படம்?"

"தலைவர்னு யாரும் கிடையாது."

"நன்கொடை கொடுத்தவங்க? கீழ சின்னதா வட்டத்துல வரிசையா போட்டுரலாம்."

"அதுவும் இல்ல."

"சரி, பேராவது?"

"பேரும் வேண்டாம்."

காதுகுத்துப் பேனரிலேயே பதினேழு தாய்மாமன்கள் கைகூப்பிச் சிரிக்கிற ஊர் இது. செத்துப்போனவர் படத்தைவிட அஞ்சலி செலுத்துகிறவர் படம் பெரிதாக வேண்டும் என்று என்னிடம் சண்டை போட்டிருக்கிறார்கள். படமும் இல்லாமல் பெயரும் இல்லாமல் ஒரு பேனரை இதுவரை நான் அடித்ததில்லை. எழுதிக்கொண்டு வந்த சீட்டை வாங்கிப் பார்த்தேன். 'குடியை நிறுத்த முடியவில்லையா? நாங்களும் அப்படித்தான். ஞாயிறு மாலை ஐந்து மணி. கட்டணம் இல்லை.' அதன் கீழே ரயில்வே ஃபீடர் ரோட்டில் பழைய டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் மாடி என்று முகவரி.

அடித்துக் கொடுத்தேன். பாவம், நல்ல மனுஷனாகத் தெரிகிறார். எனக்கு அந்தக் கவலை இல்லை. மாலை போட்டால் சொட்டுத் தொடமாட்டேன். குடிகாரனால் அது முடியுமா?

கார்த்திகை 6, சனி

மூன்று கண்ணீர் அஞ்சலி, ஒரு பூப்புனித நீராட்டு, ஒரு பிரியாணிக் கடைத் திறப்பு.

கார்த்திகை 7, ஞாயிறு

பேனர் கட்டுகிற இசக்கிக்குக் காய்ச்சல். ஞானதுரையின் பேனரைக் கட்ட நானே போகவேண்டியதாயிற்று. மாடியில் ஒரு நீள அறை. சுவரில் எந்த விரலால் எந்த எழுத்தைத் தட்டுவது என்கிற பழைய படம் இன்னும் தொங்குகிறது. பிளாஸ்டிக் நாற்காலிகள் வட்டமாகப் போட்டிருந்தன. நான் ஸ்டூல் மேல் ஏறி ஒரு மூலைக்கு ஆணி அடித்து முடித்திருப்பேன். ஐந்து மணி ஆகிவிட்டதாம். எல்லாரும் எழுந்து நின்று கண்ணை மூடிவிட்டார்கள். வாயில் இரண்டு ஆணி, கையில் சுத்தியல், கழுத்தில் துளசி மாலையோடு நான் மேலே நிற்கிறேன். அசைந்தால் ஸ்டூல் கிரீச்சிடும். அந்த மௌனம் முடிவதற்குள் எனக்கு முதுகெல்லாம் நனைந்துவிட்டது.

இறங்கி ஓடலாம் என்று பார்த்தால் வாசலை மறித்தபடி நாற்காலி. உட்கார்ந்தேன். ஒவ்வொருவராகப் பேசினார்கள். "என் பேரு ஞானதுரை. நான் ஒரு குடிநோயாளி" என்று அவர் ஆரம்பித்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தினம் அந்த மினிபஸ்ஸில் எத்தனை பேர் போகிறார்கள்! இப்படியா பட்டவர்த்தனமாகச் சொல்வது? மற்றவர்கள் "வணக்கம் ஞானதுரை" என்றார்கள், ஏதோ ஊர்ப்பெயரைக் கேட்டுக்கொண்ட மாதிரி. முந்தாநாள் ஒரு கல்யாண வீட்டில் கை வரைக்கும் கிளாஸ் வந்துவிட்டதாகவும், பந்தலுக்கு வெளியே வந்து மைதீனுக்குப் போன் போட்டதாகவும் சொன்னார். மைதீன் என்பவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார், செருப்புக் கடைக்காரர்.

என் முறை வந்தது. எல்லாரும் பார்த்தார்கள். "சாமி சரணம்" என்றேன்.

"வணக்கம் சாமி" என்றார்கள். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

முடிந்ததும் மைதீன் பிளாஸ்க்கைத் திறந்து கருப்பட்டிக் காப்பி ஊற்றினார். அவர் வீட்டிலேயே போட்டு எடுத்து வருவாராம். சுக்கு மணம் மாடி முழுக்க வந்தது. "விரதம், வெளியில கைநனைக்கிறதில்ல" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வடிவு எங்கே போனீர்கள் என்று கேட்டாள். பேனர் கட்டப் போனேன் என்றேன். பொய் இல்லையே.

கார்த்திகை 14, ஞாயிறு

மத்தியானத்திலிருந்து நல்ல காற்று. நாலு மணி வாக்கில் வடிவு துணி எடுக்க மாடிக்குப் போனவள் இறங்கிவந்து சொல்கிறாள்: "சாமி, அன்னைக்குக் கட்டுனீங்களே ஒரு பேனர், அது கயிறு ஒழுங்கா நிக்குதா? இந்தக் காத்துக்குப் பிச்சுக்கிட்டுப் போயிரப் போகுது. ஒரு எட்டு பாத்துட்டு வாங்களேன்."

அறைக்குள் கட்டிய பேனரைக் காற்று எப்படிப் பிய்க்கும்? முகத்தைப் பார்த்தேன். அவள் மடித்த துணியையே திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள். சரி என்று போனேன்.

இன்று எனக்குக் கோபம் வந்ததுதான் மிச்சம். ஞானதுரை சொல்கிறார்: "நான் தவசு காலம் முழுக்கத் தொடமாட்டேன் சாமி. சாம்பல் புதன்ல நிறுத்தினா ஈஸ்டர் வரைக்கும் சுத்தம். பாதிரியாரே பாராட்டுவாரு. ஈஸ்டர் பூசை முடிஞ்சதும் கோயில் கேட்டுல ஃபிரண்டு பைக்கோட நிப்பான்."

மைதீன் சிரித்தார். "எனக்கு நோன்பு மாசம். பிறை தெரிஞ்சிருச்சுன்னு மைக்ல சொல்லும்போது எல்லாரும் வானத்தைப் பாப்பாங்க. நான் செருப்பைத் தேடுவேன்."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். அப்புறம் ஞானதுரை என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "நிறுத்தத் தெரியாதவன்னு இங்க ஒருத்தன்கூட இல்ல சாமி. எல்லாரும் நிறுத்தி நிறுத்திப் பழகினவங்கதான்."

யாரைச் சொல்கிறார்? பன்னிரண்டு வருஷமாக மலைக்குப் போகிறேன். ஒரு தடவை விரதம் தப்பியது உண்டா? என்னைக் கொண்டுபோய் இவர்களோடு சேர்க்கிறாரே! காப்பிக்கு முன்னாலேயே எழுந்து வந்துவிட்டேன். இனி அந்தப் பக்கம் போவதில்லை.

கார்த்திகை 17, புதன்

திருக்கார்த்திகை. சுதா வாசல் முழுக்க அகல் வைத்தாள். ஒன்று காற்றில் அணைந்தது. ஏற்றிக் கொடுக்கலாமே என்று தீப்பெட்டியோடு பக்கத்தில் போனேன். சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். முழங்கைக்குக் கீழேதான் போன வருஷம் தீப்பட்ட தழும்பு. தீப்பெட்டியை வடிவிடம் கொடுத்துவிட்டு உள்ளே வந்தேன்.

கை நடுக்கம் சுத்தமாக நின்றுவிட்டது. பச்சைத் தண்ணீர் பழகிவிட்டதுபோல.

கார்த்திகை 21, ஞாயிறு

போனேன். அங்கே மின்விசிறி வயர் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது, அதைப் பார்த்துச் சொல்லலாம் என்றுதான்.

கார்த்திகை 26, வெள்ளி

சுதா வீட்டுக்குத் தூரம். மாலை போட்ட வீட்டில் இருக்கக்கூடாது அல்லவா? பாய், தலையணை, புத்தகப்பையோடு எதிர்வீட்டு லூர்து டீச்சர் வீட்டுக்குப் போய்விட்டாள். அரையாண்டுப் பரீட்சை நேரம். டீச்சர் வீட்டு ஜன்னலில் அவள் தலை தெரிகிறது. என்னைப் பார்த்ததும் மரியாதையாக எழுந்து உள்ளே தள்ளிப் போய்க்கொண்டாள். நல்ல பிள்ளை.

கார்த்திகை 28, ஞாயிறு

மாடிப்படியை விட்டு இறங்கும்போது எதிரில் செல்லையா. ஹார்டுவேர் கடை செல்லையா, எங்கள் குழுவில் அவனும் சாமி. வருஷா வருஷம் மலையிலிருந்து இறங்கியதும் நானும் அவனும்தான் ஜோடி.

"என்ன சாமி, டைப்ரைட்டிங் படிக்கீரா?"

"பேனர் வேலை."

"எல்லாத்தையும் முடிச்சுட்டு வாரும். வர்ற வழியில எங்க நிறுத்தணும்னு வேன்காரன்கிட்ட இப்பவே சொல்லியாச்சு. இந்தத் தடவை நம்ம செலவு." கண்ணடித்தான்.

எனக்கு வாயில் தண்ணீர் ஊறியது. எழுதுவதற்கே கூச்சமாக இருக்கிறது. கழுத்தில் மாலை, வாயில் சரணம், நாக்கில் எச்சில். வீடு வருகிற வரைக்கும் அந்த நாக்கை நினைத்து நினைத்துப் பயந்தேன்.

மார்கழி 3, வியாழன்

ஞானதுரை கடைக்கு வந்தார். பேனர் வேலை இல்லை, சும்மா. "கழட்டுத அன்னைக்குத்தான் சாமி எனக்கெல்லாம் கஷ்டம். ஒரு நம்பர் தாரேன், வச்சுக்கோங்க" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். வண்டியில் ஆள் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார், ஹாரன் அடித்துத் தள்ளுகிறார்கள் பயணிகள். நம்பரைப் போனில் 'பேனர் ஆர்டர்' என்று போட்டு வைத்திருக்கிறேன்.

மார்கழி 7, திங்கள்

இருமுடி கட்டினார்கள். தேங்காய்க்குள் நெய் ஊற்றுகிற இடத்தில் வீட்டார் எல்லாரும் ஊற்ற வேண்டும். சுதா ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "எப்பா, இந்த மாலையைக் கழட்டாமலே இருந்தா என்ன?" என்றாள்.

மாலை போட்டதிலிருந்து இன்றுதான் எப்பா என்றாள். நெய் தேங்காய்க் கண்ணுக்கு வெளியே வழிந்து என் கையில் கொட்டியது. "சிந்தாம ஊத்து பிள்ள" என்று குருசாமி அதட்டினார்.

மார்கழி 10, வியாழன்

வந்து சேர்ந்தோம். நல்ல தரிசனம், நல்ல கூட்டம். அதை எழுத வேண்டியதில்லை, ஐயப்பனே அங்கே இருந்தார்.

எழுத வேண்டியது வேறு. மலைப்பாதை இறங்கி, எல்லை தாண்டியதும் வேன் நின்றது. ஒவ்வொருவராக மாலையைக் கழற்றி டிரைவர் கண்ணாடியில் மாட்டினார்கள். கண்ணாடி மறைந்துவிட்டது. குருசாமி தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டார். செல்லையா என் தோளைத் தட்டினான்.

"கழட்டும் சாமி. கழட்டிட்டு மனுசனா இறங்கி வாரும்."

"இல்ல. நீங்க போயிட்டு வாங்க."

"என்னவே, உடம்புக்கு ஆகலையா?"

"நான் கழட்டல."

"வீட்டுல சொன்னாங்களாக்கும்!" என்று அவன் சிரித்தான். மற்றவர்களும் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். நான் மாலையை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். உள்ளே இறங்கு இறங்கு என்கிறது. மாலையை விட்டால் கால் தானாக இறங்கிவிடும் என்று தெரிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த அரைமணி நேரம் நான் சாமியை நினைக்கவில்லை. மாலையை மட்டும்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டு வாசலில் வடிவு கால் கழுவத் தண்ணீர் வைத்திருந்தாள். கற்பூர ஆரத்தி கிடையாது. போன வருஷம் நான் வேனிலிருந்து இறங்கி வந்த வரத்தில் தட்டு சுதா கைமேல் சாய்ந்தது; அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அதை யாரும் எடுப்பதில்லை. சுதா கதவுக்குப் பின்னால் நின்றாள், முழுக்கைச் சட்டையோடு. என் கழுத்தைத்தான் இரண்டு பேரும் முதலில் பார்த்தார்கள். மாலையைப் பார்த்ததும் வடிவுக்குக் கண் கலங்கிவிட்டது.

தேங்காய் உடைத்தேன். "வாங்க சாமி, படத்துக்கு முன்னால வச்சுக் கழட்டிருவோம்" என்று அவள் கையை நீட்டினாள்.

"வேண்டாம்" என்றேன். "இருக்கட்டும்."

மார்கழி 13, ஞாயிறு

மாலையோடுதான் போனேன். "மலைக்குப் போயிட்டு வந்தாச்சுல்லா?" என்று மைதீன் கேட்டார். "மகரஜோதிக்கு மறுபடி போறேன்" என்றேன். இந்தப் பொய் வடிவிடமும் சொன்னதுதான், கடைக்கு வருகிறவர்களிடமும் சொன்னதுதான். ஞானதுரை என் கழுத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். ஏதாவது சொல்லித் திட்டியிருந்தால் தேவலை.

காப்பி வேண்டாம் என்றேன். விரதம்.

மார்கழி 17, வியாழன்

புத்தாண்டு. குருசாமியே கடைக்கு வந்துவிட்டார். "ஜோதிக்கு நம்ம குரூப்புல யாரும் போகலயே, நீ யாரு கூடப் போற?" என்றார். மிஷின் பக்கம் திரும்பிக்கொண்டேன். "இருமுடி இறக்கின மாலையை வச்சுக்கிட்டுத் திரியக்கூடாது. சாமி பேருல எதைய்யா ஒளிச்சு வைக்கிற?" என்று வாடிக்கையாளர் முன்னால் சத்தம் போட்டார். வேன் நின்றபோது கண்ணை மூடிக்கொண்டவர் இன்று நன்றாகத் திறந்துகொண்டிருக்கிறார். ஆனால் கேள்வி நியாயமானது. அதுதான் ஆத்திரமாக இருக்கிறது.

மார்கழி 22, செவ்வாய்

வடிவுக்கும் சந்தோஷம் வடிந்துவிட்டது. "சாமி, எனக்குப் பயமா இருக்கு. மாலையோட ஒருநாள் தடுமாறிட்டீங்கன்னா அந்தப் பாவத்தை எங்க கொண்டு தொலைக்க? எம்பிள்ளை தலையில விடியுமே" என்றாள்.

"தடுமாற மாட்டேன்."

"அப்படின்னா கழட்டுங்க."

கழற்றினால் என்ன ஆகும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தூத்துக்குடி அண்ணனிடமிருந்து போன் வந்தபோது எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

மார்கழி 25, வெள்ளி

சுதா மறுபடி பாய் தலையணையோடு டீச்சர் வீட்டுக்குப் போனாள். பொங்கல் வாழ்த்துப் பேனர்கள் குவிந்து கிடக்கின்றன. எல்லாரும் கும்பிடுகிறார்கள், எல்லாரும் சிரிக்கிறார்கள்.

மார்கழி 26, சனி

சாயந்திரம் சாப்பாட்டுத் தூக்கை வடிவு டீச்சர் வீட்டுக் கேட்டில் வைத்துவிட்டு வந்தாள். சுதா எடுக்க வந்தபோது நான் வாசலில் நின்றிருந்தேன். தெரு நடுவில். அவள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். வழக்கம்போல உள்ளே தள்ளிப் போகவில்லை. நின்றாள்.

"எப்ப ஜோதிக்குப் போறீங்க?"

"போகல பிள்ள."

"அப்ப எப்பக் கழட்டுவீங்க?"

"நீதானே கழட்டாம இருங்கன்னு சொன்ன?"

அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. தூக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"சொன்னேன். அப்ப எனக்கு இது தோணல. ஒவ்வொரு மாசமும் நான் இங்கதான வந்து படுக்கணும்? டீச்சர் வீட்டு அண்ணன் லீவுக்கு வந்திருக்காங்க. எனக்குப் பாத்ரூம் போகவே கூச்சமா இருக்கு. நீங்க கழட்டினா தூத்துக்குடிக்குப் போகணுமோன்னு பயமா இருக்கு, கழட்டலைன்னா வீட்டுக்கே வர முடியல. நீங்க சாமியாவே இருந்துட்டா நான் எங்கப்பா இருக்கது?"

சைக்கிளில் ஒருவர் எங்களுக்கு நடுவே போனார். "சாமி சரணம்" என்று எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார். சுதா உள்ளே போய்விட்டாள்.

மார்கழி 27, ஞாயிறு

எழுதிவிட வேண்டும், இன்றே.

மத்தியானம் குளித்துவிட்டு வந்து வடிவைக் கூப்பிட்டேன். படத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன். என் அம்மா இருந்தால் அவள் கழற்றியிருப்பாள். வடிவு கழற்றினாள். தாடி முடியில் சிக்கியது. பொறுமையாக எடுத்தாள். அவள் விரல் கழுத்தில் பட்டு எத்தனை காலம் ஆகிறது! மாலையைப் படத்தின் மேல் போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். வாயைத் திறந்தாள், என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. கடைசியில், "ஏங்க" என்றாள். அவ்வளவுதான். அழுதுகொண்டே சமையலறைக்குப் போய்விட்டாள்.

கழுத்து லேசாக இருந்தது. அந்த லேசு எனக்குப் பிடிக்கவில்லை. கறுப்பு வேட்டியை மாற்றிச் சட்டை போட்டு வாசலுக்கு வந்தேன். இடது பக்கம் போனால் ஃபீடர் ரோடு. வலது பக்கம் போனால் டாஸ்மாக் கடை. எந்தப் பக்கம் எத்தனை தப்படி என்று என் காலுக்குத்தான் மனப்பாடம். செல்லையா வேறு காலையிலிருந்து இரண்டு தடவை போன் பண்ணியிருந்தான். பயமாக இருந்தது. இந்த வயதில் நடுத்தெருவில் நின்றுகொண்டு பயந்தேன். 'பேனர் ஆர்டர்' நம்பரைப் போட்டேன்.

"ஞானதுரை, நான் கழட்டிட்டேன்."

"எங்க நிக்கீங்க?"

"வீட்டு வாசல்ல."

"அங்கனயே நில்லுங்க. எங்கயும் நகராதீங்க. வாரேன்."

அவர் வருகிற வரைக்கும் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், வேனில் மாலையைப் பிடித்த மாதிரியே. எதிர்வீட்டு ஜன்னலில் சுதா நிற்பது தெரிந்தது. அவளும் கம்பியைப் பிடித்திருந்தாள். நான் எந்தப் பக்கம் திரும்புகிறேன் என்று பார்க்கிறாள். ஞானதுரை வந்தார். இரண்டு பேரும் இடது பக்கம் நடந்தோம். வழியெல்லாம் அவர் டீசல் பம்ப் ரிப்பேரைப் பற்றித்தான் பேசினார். நல்ல மனுஷன்.

மாடியில் என் பேனர் தொங்கியது. இத்தனை வாரம் அதற்குக் கீழே உட்கார்ந்திருந்தும் நான் அடித்த எழுத்தை இன்றுதான் படித்தேன். நாங்களும் அப்படித்தான். என் முறை வந்தது. எல்லாரும் காத்திருந்தார்கள். கறுப்பு இல்லை, மாலை இல்லை. சாமி சரணம் என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

"என் பேரு கோமதிநாயகம்" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. கீழே தெருவில் வாழைத்தார் வண்டி போகிற சத்தம் கேட்டது. அந்த வண்டி தெருமுனை தாண்டுகிற வரைக்கும் நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"நான் ஒரு குடிநோயாளி."

"வணக்கம் கோமதிநாயகம்" என்றார்கள். என் பெயரை இத்தனை பேர் ஒன்றாகச் சொல்லி நான் கேட்டதே இல்லை. உட்கார்ந்ததும் கை நடுங்கியது. இது குளிர் இல்லை. அதுவும் குளிர் இல்லை, கார்த்திகை முதல் தேதி நடுங்கியதும். போகட்டும்.

மைதீன் பிளாஸ்க்கோடு வந்தார். வழக்கமாக என்னைத் தாண்டிப் போகிறவர் நின்றார். "ஊத்தவா?" என்றார். ஊற்றச் சொன்னேன். நல்ல சூடு. கருப்பட்டி கொஞ்சம் தூக்கல். இரண்டு டம்ளர் குடித்தேன்.

வீட்டுக்கு வந்தபோது விளக்கு வைத்திருந்தார்கள். கதவைத் தட்டினேன். திறந்தது சுதா. பாயும் தலையணையும் அவளுக்குப் பின்னால் சுவரோரமாக இருந்தன; டீச்சர் வீட்டிலிருந்து வந்துவிட்டாள். ஆனால் பாயை விரிக்கவில்லை, புத்தகப்பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. என்னைப் பார்த்தபடி நின்றாள். மூச்சை உள்ளே இழுத்தாள்.

மற்ற நாளாக இருந்தால் கவனிக்காத மாதிரி உள்ளே போயிருப்பேன். போகவில்லை. படியிலேயே நின்று, குனிந்து, அவள் முகத்துக்கு நேரே வாயைத் திறந்து ஊதினேன்.

கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். பிறகு இன்னொரு தடவை மோந்து பார்த்தாள். சந்தேகம் தீரவில்லை போல.

"எம்மா," என்று உள்ளே பார்த்துச் சத்தமாகச் சொன்னாள், "அப்பா கருப்பட்டிக் காப்பி குடிச்சிட்டு வந்திருக்காங்க."

பையை இறக்கி ஆணியில் மாட்டினாள்.